கிளச்சு ஓசையின் பிறப்பிடம்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வார்க்கும் மோட்டார் வண்டியின் கிளச்சுக்கும் யாது தொடர்பு என்று இவ்விதழைப் புரட்டும் அன்பர் சிலர் வினவுதல் கூடும். பௌதிகத் துறையினர் எழுதற்பாலதாய பொருளை யாம் எடுத்துக்கொண்டது துணிவே. ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் எம் அம்மானது வாடகை வண்டியின் அருகே ஒருநாள் முழுதும் செவிசாய்த்துக் கிடந்த பின்னர், இப்பொருள் எம் பாடத்திற்கு அத்துணை அயலானதன்று என்னும் எண்ணம் எமக்கு உண்டாயிற்று. தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலிற் செய்தது யாது? ஓரொலி செவிக்கு எட்டிய அளவில் அமைந்துவிடாது, உந்தியினின்று எழுந்த வளி தலை, மிடறு, நெஞ்சு என்பவற்றுள் எங்கு நின்றது, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றுள் எதனோடு எது பொருந்திற்று என்று ஆராய்ந்து, ஒவ்வோர் எழுத்திற்கும் பிறப்பிடம் வகுத்தார். கிளச்சிலெழும் ஓசையை ஆராய்வோனும் அதனையே செய்தல் வேண்டும். ஓசை எத்தன்மைத்து என்பதினும், அஃது எப்பொழுது பிறக்கின்றது, எவ்வுறுப்பு எதனோடு கூடுங்கால் பிறக்கின்றது என்பதே உயிர்நிலையாய வினா.

எம் அம்மான் உசிலம்பட்டிக்கு அணித்தானதோர் சிற்றூரில் வாழ்பவர். நிலம் சிறிதே உண்டு. மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இன்மையோடு ஒக்கும். 14 ஆண்டு ஓடித் தேய்ந்த வண்டியொன்றே குடும்பத்தைத் தாங்குவது. அவ்வூர் மூதாட்டியார் ஒருவர் சிறுநீரகம் பழுதுற்று, வாரத்தில் இருமுறை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்துகொள்ளச் செல்பவர். வழி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். விடியுமுன் அவரை ஏற்றிச் சென்று, சிகிச்சை முடியுந்துணையும் காத்திருந்து, வாடிய கீரைபோற் சோர்ந்திருக்கும் அவரை மீண்டும் ஊர் சேர்ப்பது அம்மானது வழக்கம். கூலியைக் கணக்கிட்டு வாங்குவார் என்று யாம் நினைக்கவில்லை. ஏனை நாள்களில் திருமணம், சந்தை, இரயிலடி என்று ஓட்டுவார்.

சித்திரை பிறந்த சின்னாளில் அவ்வண்டி முனகத் தொடங்கிற்று. கியர் மாற்றும்போதெல்லாம் அடியினின்று கறகறவென்று ஓரோசை. முதலிற் கண்ட பட்டறைக்காரர் ஒருவர் வண்டியை இரண்டு பர்லாங்கு ஓட்டிப் பார்த்தார், கியர் மாற்றுந்தோறும் ஒலி எழுவதைக் கேட்டார், "கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுவதும் மாற்றவேண்டும், 35,000 ரூபாய் ஆகும்" என்று முடிவுகூறினார். அம்மான் வீடு திரும்பித் திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் ஒன்றும் பேசிலர். கறவை மாடு இரண்டனுள் ஒன்றை விற்பது என்னும் பேச்சு அன்றிரவே எழுந்தது. அத்தை அதற்கு உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சென்றுவிட்டார்.

நிற்க. கிளச்சு என்பது யாது என்று ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். அறிந்தோர் இப்பகுதியைத் தாவிச் செல்க.

எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் நில்லாது சுழல்வது; சக்கரங்களோ நிற்றலும் ஓடுதலும் மாறிமாறிச் செய்பவை. இவ்விரண்டையும் வேண்டும்போது கூட்டவும் பிரிக்கவும் இடையில் ஒரு கருவி வேண்டும். அதுவே கிளச்சு. எஞ்சினின் தண்டின் கடைசியில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் இறுகப் பொருத்தப்பட்டுள்ளது. அதன்மேல் பிரஷர் பிளேட் என்னும் அழுத்துந்தட்டு ஒரு மூடியோடு முடுக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டிற்கும் நடுவே, சொரசொரப்பான பொருள் ஒட்டிய கிளச்சுத் தட்டு அகப்பட்டு நிற்கும். கியர்பாக்ஸினின்று வெளிப்போந்த தண்டின் நுனி இத்தட்டின் நடுத்துளையிற் பல்லோடு பல்லாய்ச் செருகப்பட்டிருக்கும். வலிய வில்லொன்று அழுத்துந்தட்டை எப்பொழுதும் நெருக்கிக்கொண்டிருத்தலின், மிதியைத் தொடாதபொழுது மூன்றும் ஒன்றாய்ச் சுழலும். எஞ்சினின் ஆற்றல் கியருக்குச் செல்லும். அவ்வில்லின் உள்விளிம்பு விரல்கள்போற் பிளவுபட்டு நடுவை நோக்கி நிற்கும். அவ்விரல்களை உள்நோக்கி அழுத்தினால் நெருக்கம் நெகிழும், தட்டு விடுபடும், கியர்த்தண்டு எஞ்சினினின்று பிரியும்.

ஈண்டுத்தான் இடர் பிறக்கின்றது. விரல்களோ எஞ்சினோடு நிமிஷத்திற்கு ஏறத்தாழ 800 முறையேனும் சுழல்பவை, விரைந்தோடுங்கால் பல்லாயிரம். அவற்றை அழுத்த வரும் கவைக்கோலோ சுழலாதது. சுழல்வதைச் சுழலாததொன்று நேரே தொட்டு அழுத்தினால் இரண்டும் தேய்ந்து தீயும். ஆதலின் இடையில் ஒரு பேரிங்கு வைத்தனர். அதன் ஒரு வளையம் கவைக்கோலோடு நிற்கும். மற்றொரு வளையம் விரல்களோடு சுழலும். இரண்டிற்கும் இடையிற் குண்டுகள் உருளும். இதனையே பட்டறைகளில் ரிலீஸ் பேரிங்கு என்பர். இங்கிலாந்தில் இயன்ற பழைய வண்டிகள் பலவற்றில் குண்டுகளுக்குப் பதிலாகக் கரியாலாய வளையமொன்றே இருந்தது. அஃது உரசி உரசித் தேய்ந்தே தொழில் செய்யும்.

உருள்வது உரசுவதினும் எளிது என்பதனைக் கண்ட மனிதன் அதனை இரும்பிற் செய்துமுடிக்க நெடுங்காலம் ஆயிற்று. வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் என்னும் ஊரினராய பிலிப் வாகன் என்பார் 1794ஆம் ஆண்டில் வண்டி அச்சுக்குக் குண்டுகளை அமைத்து உரிமை பெற்றார். குண்டுகளெல்லாம் ஒரே அளவாய், ஒரே வட்டமாய் அமையும்படி அரைக்கும் பொறியை ஜெர்மனியில் பிரீடரிக் பிஷர் 1883இல் இயற்றிய பின்னரே அவை மலிவாயின. நம் நாட்டு மாட்டு வண்டியோ, குடத்தில் மையிட்ட அச்சோடு அமைந்தது. மேடுபள்ளங்களில் அச்சு முறியுமென்று அஞ்சிய உமணர், உப்பு வண்டியின் அடியிற் சேமவச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியை ஔவையார் புறநானூற்றில் பொகுட்டெழினிக்கு உவமையாக்கியுள்ளார். எம் அம்மானது வண்டியில் சேமச் சக்கரம் ஒன்று உண்டு. சேமப் பேரிங்கு யாரும் வைத்துச் செல்வதில்லை. வைத்திருப்பினும் செக்கானூரணிச் சாலையோரத்தில் கியர்பாக்ஸை இறக்கி அதனை மாட்டுவார் யார்?

கிளச்சு என்றவுடன் ஒரு பேரிங்கையே நினைப்பது பிழை. ஓசைக்குரியனவாய் அவ்விடத்தில் மூன்று உள. ஒன்று யாம் கூறிய ரிலீஸ் பேரிங்கு. மற்றொன்று, கியர்த்தண்டு கியர்பாக்ஸினுள் நுழையுமிடத்தில் அதனைத் தாங்கும் பேரிங்கு. மூன்றாவது, அத்தண்டின் நுனி எஞ்சின் தண்டின் கடைக்குழியில் ஊன்றி நிற்குமிடத்துள்ள சிறிய பைலட் பேரிங்கு. சில வண்டிகளில் அது வெண்கலக் குழலாகவே இருக்கும். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் இக்காலத்துச் சிறிய வண்டிகள் பலவற்றில் இம்மூன்றாவது இல்லை. எம் அம்மானது வண்டி பின்சக்கரங்களால் ஓடும் பழைய அமைப்பினது. ஆதலின் மூன்றும் உடையது. மூன்றும் ஒரு சாண் இடைவெளிக்குள் ஓர் இரும்புக் கூட்டினுள் மறைந்து கிடத்தலின், எது கத்துகின்றது என்பதைக் கண்ணாற் காண இயலாது. திறந்து பார்ப்பதெனின் அரைநாட் கூலி. ஆகவே திறவாமலே அறிதல் வேண்டும்.

மதுரை இத்தகைய அறிவுக்கு வறுமையுற்ற நகரன்று. 1912ஆம் ஆண்டில் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விடத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார், பின்னர் மதுரையையே தம் தொழிற்கு நிலைக்களனாகக் கொண்டார். இரண்டாம் உலகப் போரிற் பெட்ரோல் அருகியபோது, கரியை எரித்து வரும் வாயுவால் வண்டி ஓட்டும் கருவிகளை அவர்தம் நிறுவனத்தார் செய்தனர். அப்பேருந்து வரும் நேரங்கொண்டு கடிகாரத்தைத் திருத்தியோர் உண்டென முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1972இல் அரசினர் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை மதுரையில் நிறுவினர். இப்படி நூறாண்டுக்கு மேலாக மோட்டார்ப் பழுது பார்த்த கைகள் இந்நகரிற் பல. அத்தகைய பேருந்துப் பணிமனையொன்றில் இருந்தவரிடம் தொழில் கற்ற முதியவர் ஒருவர், வைகைக்கு வடகரையில் ஒரு சந்தினுள், தகரக் கூரையின்கீழ்ச் சிறு பட்டறை வைத்திருப்பதாக எம் விடுதித் தோழர் ஒருவர் கூறினார். மாடு விலைபோகுமுன் அவரிடம் காட்டுவோம் என்று யாம் அம்மானை வேண்டிக்கொண்டோம். "மாப்பிள்ளை, புத்தகம் படிக்கிற உனக்கு இது எதற்கு?" என்று அவர் சிரித்தார், ஆயினும் வந்தார்.

முதியவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. எமக்கு முதலில் வியப்பளித்தது அதுவே. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். கைப்பிரேக்கை இழுக்கச் செய்தார். வண்டியின் முன் நின்ற சிறுவனை விலகச் சொன்னார். பின்னர் எஞ்சினை எழுப்பாமலே அம்மானைக் கிளச்சு மிதியை நாலைந்து முறை அழுத்தச் சொன்னார். ஒலி இல்லை. "இப்பொழுது கீச்சென்று கத்தினால் மிதியின் கீலிலோ கம்பியிலோ குற்றம். ஒரு சொட்டு எண்ணெயோடு போயிற்று. அதற்கும் கிளச்சைக் கழற்றிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தம்பி" என்றார்.

அடுத்து எஞ்சினை எழுப்பி, கியரை நியூட்ரலில் நிறுத்தி, மிதியினின்று காலை முற்றும் எடுக்கச் செய்தார். இந்நிலையில் நிகழ்வதை உள்ளத்தாற் காண்க. கிளச்சுத் தட்டு நெருக்குண்டிருத்தலின் கியர்த்தண்டு எஞ்சினோடு சுழலுகின்றது. அதனைத் தாங்கும் கியர்பாக்ஸ்ப் பேரிங்கும் சுழலுகின்றது. பைலட் பேரிங்கின் உள்ளும் புறமும் ஒரே வேகத்திற் செல்லுதலின் அதனுள் உருளல் இல்லை. ரிலீஸ் பேரிங்கோ, கம்பி சரியாய்த் தளர்ந்திருந்தால் விரல்களைத் தொடாது வாளா நிற்கும். ஆகவே, இப்பொழுது இடையறாது ஓர் உறுமல் கேட்குமாயின் ஐயம் கியர்பாக்ஸின்மேற் செல்லும். எம் வண்டியில் உறுமல் இல்லை. சலசலவென்று மெல்லியதோர் நடுக்கமே கேட்டது. முதியவர் தலையசைத்து ஒன்றும் சொல்லாது மேற்சென்றார்.

"இனி மிதியை மெல்ல அழுத்துங்கள். முழுவதும் வேண்டா. எதிலோ தட்டுகிற உணர்ச்சி வந்ததும் நிறுத்துங்கள்" என்றார். மிதியின் தொடக்கத்தில் வெற்றசைவு சிறிது உண்டு. பெரும்பாலும் 15 முதல் 25 மில்லிமீட்டர். வண்டிக்கு வண்டி வேறுபடும். அது முடியுமிடத்தில் ரிலீஸ் பேரிங்கு விரல்களைத் தொட்டுச் சுழலத் தொடங்கும். தட்டோ இன்னும் விடுபடாது. எனவே அந்நொடியிற் புதிதாய்ச் சுழலத் தொடங்குவது ரிலீஸ் பேரிங்கு ஒன்றே. அம்மானது கால் அவ்விடத்தை அடைந்தவுடன் சலசலப்பு அடங்கிற்று. அடங்கிய கணத்திலேயே கறகறவென்னும் ஓசை எழுந்தது. கால் ஆழ்ந்து செல்லச் செல்ல அது வலுத்தது.

இதனோடு முடிவுகட்டியிருப்பார் என்று யாம் எண்ணினோம். அவர் முடிக்கவில்லை. மிதியை அடிவரை அழுத்தி, முதற் கியரையும் போடச் செய்தார். இப்பொழுது தட்டு விடுபட்டது. சக்கரங்கள் நிற்றலின், அவற்றோடு பிணைந்த கியர்த்தண்டும் நின்றேவிட்டது. இந்நிலையில் முன்னிருந்த ஒலி அடங்கியிருப்பின் குற்றம் கியர்பாக்ஸ்ப் பேரிங்கினது; ஏனெனில் அது சுழல்வது நின்றது. முன்னில்லாத ஒலி இங்கே புதிதாய்ப் பிறந்திருப்பின் குற்றம் பைலட் பேரிங்கினது. ஏனெனில் எஞ்சின் தண்டு சுழல, கியர்த்தண்டின் நுனி நிற்க, இரண்டிற்கும் இடையில் உருளல் உண்டாவது இப்பொழுதுதான். எம் வண்டியிலோ கறகறப்பு அடங்கவுமில்லை, வேறொன்று பிறக்கவுமில்லை. பிறந்த இடத்திலேயே நின்று முழங்கிற்று.

அதன்பின் நீண்டதோர் திருப்புளியை எடுத்து, அதன் நுனியைக் கிளச்சுக் கூட்டின் புறத்தே ஊன்றி, பிடியைத் தம் செவியெலும்பில் வைத்துக் கேட்டார். கியர்பாக்ஸின் பின்கடையில் வைத்தும் கேட்டார். பிறகு எம்மையும் கேட்கச் செய்தார். திண்பொருளின் வழியே ஒலி தெளிவாய் வரும். 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் லயனெக், காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் ஏறத்தாழ இதுவே. கூட்டின் முற்பகுதியிற் கேட்டது, அம்மியில் மணல் அரைப்பது போல்வது. கியர்பாக்ஸின் பின்கடையிலோ சீரான இரைச்சல் ஒன்றே. அப்பொழுது அவ்வேறுபாட்டைக் கேளாத செவி செவியன்று என்று எமக்குத் தோன்றிற்று. இப்படிக் கேட்போர் தளர்ந்த மேலாடையோடு சுழலும் விசிறிக்கருகே குனிதலாகாது என்பதனையும் உடன் கூறுதல் கடன்.

முன்னைப் பட்டறைக்காரர் பிழைத்தது எங்ஙனம்? அவர் பொய் சொன்னார் என்று யாம் கருதவில்லை. கியர் மாற்றுந்தோறும் ஒலி எழுந்தது உண்மையே. ஆனால், கியர் மாற்றுந்தோறும் கிளச்சு மிதியும் அழுத்தப்படுகின்றது. இரண்டும் ஒருங்கு நிகழ்தலின், காரணம் எது, உடனிகழ்ச்சி எது என்று பிரித்தறியவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாயிற்று. கியரைத் தொடாமல் மிதியை மட்டும் ஒருமுறை அழுத்திக் கேட்டிருப்பின் 35,000 ரூபாய் என்னும் சொல் அவர் வாயினின்று வந்திராது. அளவை நூல்களிற் கூறும் பிழைகளை யாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். ஒரு பிழையால் ஒரு பசுமாடு விலைபோக இருந்ததை அன்றுதான் கண்டோம்.

ஒலிக்குறிப்புக்களைப் பற்றி ஒருசொல். இரட்டைக்கிளவி பிரிந்து நில்லாது, இரட்டித்தே பொருள் தரும் என்று இலக்கணத்திற் படிக்கின்றோம். அம்முதியவரது பட்டறையில் அவ்விரட்டைக்கிளவிகளே கலைச்சொற்கள். கீச்சுக்கீச்சு என்றால் மசகு வறண்டது. கறகற என்றால் குண்டும் அதன் பாதையும் குழிவிழுந்தன. கடகட என்றால் ஏதோ தளர்ந்து ஆடுகின்றது. நொறுநொறு என்றால் குண்டுகளைத் தாங்கும் கூடு உடைந்தது, அவ்வண்டியை ஓட்டவே கூடாது. இவையன்றி மேலும் இரண்டு கூறினார். அவை யாம் பார்த்த அகராதியில் இல்லை, ஈண்டு எழுதத்தக்கனவுமல்ல.

இனி, அச்சலசலப்பு யாது? அதுவே கதையின் வேர். முதியவர் அம்மானை நோக்கி, "இந்தச் சலசலப்பு எத்தனை நாளாய் இருக்கிறது?" என்று வினவினார். "ஐந்தாறு மாதம் இருக்கும் அண்ணே. மிதியின்மேல் காலை லேசாய் வைத்தால் நின்றுவிடும். அதனால் வைத்துக்கொண்டே ஓட்டுவேன்" என்றார் அம்மான். முதியவர் கையிலிருந்த துணியை மேசைமேற் போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

நிகழ்ந்தது இது. கம்பியின் முடுக்கம் நெகிழ்ந்து, கவைக்கோலும் பேரிங்கும் தம் இருக்கையிற் சிறிது ஆடத் தொடங்கின. அந்த ஆட்டமே சலசலப்பு. அந்நிலையிற் கம்பியைச் சரிசெய்து, கவைக்கோலின் இருக்கைக்குச் சிறிது கிரீஸ் இட்டிருப்பின் கதை முடிந்திருக்கும். அம்மானுக்கோ பின்னே அமர்ந்திருக்கும் நோயாளியும் அவர் மகளும் அவ்வோசை கேட்டு, வண்டி நடுவழியில் நின்றுவிடுமோ என்று அஞ்சுவரே என்னும் கூச்சம். ஆகவே காலை மிதியின்மேல் வைத்து ஒலியை அடக்கினார். கால் பட்டவுடன் பேரிங்கு விரல்களைத் தொட்டது, தொட்டமையால் ஆட்டம் நின்றது, சுழற்சி தொடங்கிற்று. கியர் மாற்றும் சில நொடிகள் மட்டும் உழைக்கவேண்டிய பேரிங்கு, 40 கிலோமீட்டரும் ஓயாது உழைத்தது. உள்ளிருந்த மசகு சூட்டால் உருகி வறண்டது. குண்டுகள் தம் பாதையை உழத் தொடங்கின. மறைக்க எண்ணிய ஓசையே பேரோசையாயிற்று.

இவ்வழக்கம் எம் அம்மானுக்கே உரியதன்று. மதுரையின் மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் மாலையில் ஓட்டிப் பார்த்தோர் அறிவர். பத்தடி நகர்வது, நிற்பது, மீண்டும் பத்தடி. கியரைப் போட்டபடியே மிதியை அழுத்திக் காத்திருப்பதே பலர்க்கும் எளிதாகத் தோன்றும். நிற்குங்கால் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிட்டால் பேரிங்கு ஓய்வு பெறும். ஆண்டிப்பட்டிக் கணவாய் போன்ற ஏற்றங்களில் நிற்க நேரின், அரைக்கிளச்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தாது கைப்பிரேக்கால் நிறுத்துதல் வேண்டும். அரைக்கிளச்சில் தேய்வது பேரிங்கு மட்டுமன்று, தட்டுந்தான். புதிய வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளச்சு உண்டு. அவற்றுள் பலவற்றில் பேரிங்கு எப்பொழுதும் விரல்களை இலேசாய்த் தொட்டே நிற்குமாறு அமைத்துள்ளனர். அவ்வண்டிகளில், கால் எடுத்த நிலையிலேயே பேரிங்கு ஒலித்து, சிறிது அழுத்தினவுடன் அடங்குதலும் உண்டு. அதனைக் கேட்டு உடனே கியர்பாக்ஸைப் பழிக்கலாகாது. ஒலி மிதியின் தொடக்கத்தில் அடங்கிற்றா, தட்டு விடுபடும் ஆழத்தில் அடங்கிற்றா என்று நோக்குக. தொடக்கத்திலாயின் ரிலீஸ் பேரிங்கின் பக்கமும், ஆழத்திலாயின் கியர்பாக்ஸின் பக்கமும் ஐயம் சாயும்.

"இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?" என்று அம்மான் வினவினார். வினவாது இரார் என்று எமக்குத் தெரியும். முதியவர் நாள் சொல்லவில்லை. பேரிங்கு முற்றும் இறுகிப்போனால் விரல்களை அறுக்கும். கூடு உடைந்து குண்டுகள் சிதறினால் மிதி அழுந்தியும் கிளச்சு பிரியாது. கியரிலிருந்து விடுபடாத வண்டியை நிறுத்த எஞ்சினையே அணைக்கவேண்டும். "அந்த அம்மா வண்டியில் இருக்கும்போது அது நடந்தால்?" என்று மட்டும் கேட்டார். அம்மான் திறவுகோலை அவரிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாட் காலையில் வேலை தொடங்கிற்று. பின்சக்கரத்திற்குச் செல்லும் நீள்தண்டைக் கழற்றி, கியர்பாக்ஸை ஜாக்கியால் தாங்கி இறக்கினர். வெளிவந்த பேரிங்கை எம் கையிற் கொடுத்து உருட்டச் செய்தனர். நல்ல பேரிங்கு பட்டுப்போல் உருளும், இது கல்லுக் கடிப்பதுபோல் விரலில் உணரப்பட்டது. விரல்களின் நுனியிற் பேரிங்கு தேய்த்த வளையத் தடம் கண்ணாடிபோல் மின்னிற்று. தட்டும் ஆணித்தலை அளவுக்குத் தேய்ந்திருந்தது. மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே முறை என்றார் முதியவர். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியே பெரிது. பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு மாதத்திற் தட்டுக்காக மீண்டும் இறக்குவது இரட்டைச் செலவு. பைலட் பேரிங்கையும் விரலால் உருட்டிப் பார்த்து, "இது நல்லது, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார். நல்லதை நல்லது என்று கூறிய அச்சொல்லிற்கே கூலி கொடுக்கலாம் என்று எமக்குத் தோன்றிற்று.

பட்டறைச் சிறுவன் புதிய பேரிங்கை மண்ணெண்ணெய்த் தட்டில் அமிழ்த்தக் கை நீட்டினான். முதியவர் அவன் மணிக்கட்டைப் பற்றிவிட்டார். அதனுள் மசகை நிறைத்து மூடியே விற்கின்றனர். மண்ணெண்ணெயிற் கழுவினால் மசகு கரைந்து, புதிய பேரிங்கே ஒரு திங்களிற் கத்தத் தொடங்கும். தண்டின் பற்களுக்கும் கவைக்கோலின் இருக்கைக்கும் கிரீஸ் சிறிதே தடவினார். மிகுந்தால் சுழற்சியில் தெறித்துத் தட்டிற் படும். பட்டால் கிளச்சு வழுக்கும்.

எல்லாம் சேர்ந்து 7,400 ரூபாய் ஆயிற்று. அதனையும் அம்மான் இரண்டு தவணையிற் கொடுத்தார். மாடு தொழுவத்திலேயே நின்றது.

வண்டியை ஒப்படைக்குமுன் முதியவர் பழைய மரக்கட்டை ஒன்றை அறுத்து, கிளச்சு மிதிக்கு இடப்புறத்தே தரையில் இரண்டு ஆணியால் முடுக்கினார். "அண்ணே, உங்கள் இடது காலுக்கு வீடு இதுதான்" என்றார். அடுத்த செவ்வாய் விடியலில் மூதாட்டியாரோடு யாமும் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றோம். வண்டி ஒலியின்றி ஓடிற்று. "என்னப்பா, இன்றைக்கு வண்டி பேசாமலே வருகிறது?" என்று அவர் வினவ, அம்மான் நாணத்தோடு நகைத்தார். செக்கானூரணியைக் கடக்கும்போது, மரக்கட்டையினின்று அவர் கால் மெல்ல எழுந்து மிதியை நோக்கி ஊர்வதைக் கண்டு யாம் ஒருமுறை இருமினோம். கால் திரும்பிச் சென்று கட்டையின்மேல் அமர்ந்தது.